மரத்தரையும் கல்தரையும்

எங்கள் அப்பாவைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெட்டதாகச் சொன்னாலும் வரும். அவரைப் பற்றிப் பேசுகிற உரிமை எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் இருந்தது. ஒருத்தி என் அம்மா, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி என் அக்கா, அவள் பேசமாட்டாள். மிச்சம் இருப்பது நான். எனக்கு வாய் நீளம் என்று சின்ன வயதிலிருந்தே பெயர். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா பியானோ செய்கிறவர். போன நூற்றாண்டில், இயந்திரங்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதற்கு முன்னால், ஒரு பியானோவைக் கையால் செய்து முடிக்க ஒரு வருஷத்தில் பாதி போய்விடும். ஊரில் அவருக்குச் சுருதிக்காரர் என்று பெயர். கோபம் மூக்குமேல் நிற்கும். யார் வீட்டுக் கதவாவது கிறீச்சிட்டால், அது எந்தச் சுரத்தில் கிறீச்சிடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் எண்ணெய் போடச் சொல்வார். சுருதி கலைந்த பியானோவை எங்காவது யாராவது வாசித்தால் பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போவார்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தெருப்பக்கம் பட்டறை. மரம் ஈரம் இழுத்துவிடக் கூடாது என்று பட்டறைக்கு முழுக்கப் பலகைத் தரை போட்டிருந்தது. பின்பக்கம் ஒரு படி இறங்கினால் சமையலறை. அங்கே அடுப்பு, தண்ணீர், சாம்பல் எல்லாம் இருப்பதால் தரை கல். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கல், நடுவில் ஒரு கதவு. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தின் கதையே இவ்வளவுதான்.

பட்டறையின் நடுவில் ஒரு கனத்த மேஜை, கால்கள் தரைப் பலகையோடு சேர்த்து அடிக்கப்பட்டவை. அதன்மேல் வைத்துத்தான் அப்பா ஒலிப்பலகை செய்வார். பியானோவுக்குள் கம்பிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிற பெரிய மெல்லிய பலகை அது. கம்பி அதிர்ந்தால் வெளியே கேட்கிற சத்தம் அந்தப் பலகையிலிருந்துதான் வரும். அப்பா அதை இழைப்புளியால் இழைத்து, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி இழைத்து, மறுபடி தட்டிப் பார்ப்பார். கூப்பிட்டால் அந்த நேரம் பதில் வராது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தியல்களுக்குக் கம்பளிப் பட்டை வெட்டி ஒட்டுவாள். மூலையில் ராட்டினம் வைத்துக்கொண்டு கம்பிக்காரர் தடித்த கம்பிகளுக்குச் செம்பு சுற்றுவார். அவர் எங்களுக்கு உறவு இல்லை. ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பாவின் மேலங்கிப் பையில் எப்போதும் ஓர் இசைக்கவை இருக்கும். கையடக்கமான இரட்டைக் கால் இரும்பு. முழங்காலில் தட்டினால் ஒரே சுரத்தில் மெல்ல ரீங்கரிக்கும். அதன் அடியை மேஜைமேல் ஊன்றினால் மேஜை முழுக்க அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாடும். எல்லாச் சுருதியும் அந்த ஒன்றிலிருந்துதான் ஆரம்பம்.

அக்கா பிறப்பதற்கு முன் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் அப்பா தலைகால் புரியாமல் ஆகிவிட்டார். அம்மா பட்டறையில் வேலை செய்ய வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும். தொட்டிலைக் கொண்டுவந்து மேஜையின் காலோடு சேர்த்து நிறுத்தினார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் மேஜைமேலேயே மரச்சுருளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். அப்பா பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், குழந்தை செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சிரிக்கும். ஒலிப்பலகையைத் தட்டினால் திரும்பும். அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கவையைத் தட்டி மேஜையில் ஊன்றினால், சட்டென்று சுற்றி வந்து கவையையே பிடுங்கப் பார்க்கும்.

அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? "என் காது" என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். "என் காது எழுந்தாச்சா?", "என் காது பால் குடிச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார். பெரியவளானதும் பட்டறையில் சுருதி சேர்க்கிற வேலை முழுக்க அவள் கையில் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பியானோ வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்து இந்தக் கவை வித்தையைக் காட்டாமல் அனுப்பமாட்டார். வந்தவர்களும் வாயைப் பிளப்பார்கள். கம்பிக்காரர் மாமா மட்டும், பியானோவை விற்பதைவிடப் பெண்ணைக் காட்டுவதில்தான் அண்ணன் கெட்டிக்காரர் என்று முணுமுணுப்பாராம்.

குழந்தை மூன்று வயது தாண்டியும் பேசவில்லை. ஏதோ சத்தம் போடும், சிரிக்கும், அழும், வார்த்தை மட்டும் வராது. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்பா ஒரு படி மேலே போனார். கேட்பதிலேயே முழுகிக் கிடக்கிற குழந்தைக்குப் பேச எங்கே நேரம் என்றார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் சமையலறையில் அக்கா கல்தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா அலமாரியிலிருந்து தட்டுகளை எடுக்கும்போது அடுக்கு மொத்தமும் கை நழுவி அக்காவுக்குப் பின்னால் விழுந்து சுக்குநூறானது. பட்டறையிலிருந்து மாமா ஓடிவந்தார். அப்பாகூட இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குழந்தை திரும்பவில்லை. கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணுக்கு உடைந்த தட்டுதான் பட்டது. அம்மா குழந்தையைப் பார்த்தாள்.

பிறகு அம்மா யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்த்தாள். கல்தரையில் நின்று கூப்பிட்டாள், கை தட்டினாள், மூடியைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் பலகைத் தரையில் விட்டுப் பின்னால் நின்று காலை உதைத்தாள். குழந்தை உடனே திரும்பியது. அவ்வளவுதான், அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை கேட்கவில்லை. மரம் நடுங்கும்போது அந்த நடுக்கம் அவள் காலிலும் கையிலும் ஏறுகிறது, அதற்குத்தான் சிரிக்கிறாள். வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் தொட்டிலிலேயே தெரிந்திருக்கும். துணி வியாபாரி வீட்டில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும். பியானோக்காரன் வீட்டில் பிறந்து, பாடுகிற மேஜைமேல் வளர்ந்ததால், ஊரிலேயே காது கேட்காத ஒரே குழந்தையை ஊரிலேயே பெரிய காது என்று தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டார்கள்.

அம்மா இதைக் காதும் காதும் வைத்தமாதிரி தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். எத்தனை மாதம் அப்படி இருந்தாள் என்று எனக்குச் சொன்னதில்லை.

பிறகு ஒரு பாட்டு டீச்சர் வந்தார். நல்ல மனுஷி, அவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் வீட்டுக்கு ஒரு பியானோ பார்க்க வந்தவருக்கு அப்பா வழக்கம்போல வித்தையைக் காட்டினார். அக்கா திரும்பினாள், சிரித்தாள். டீச்சர் மகிழ்ந்துபோய், தானும் ஒருமுறை செய்து பார்க்கிறேன் என்று கவையை வாங்கினார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வழக்கப்படி கவையை விரல் முட்டியில் தட்டி, மேஜையில் ஊன்றாமல், குழந்தையின் காதருகே காற்றில் பிடித்தார்.

அக்கா ஒரு மரச்சுருளை விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

புதுக் கை, குழந்தை பிகு பண்ணுகிறது என்று அப்பா சிரித்தார். கவையை வாங்கித் தானே தட்டி மேஜையில் ஊன்றப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்தார்.

"மேஜைல வைக்காதீங்க. காதுகிட்ட பிடிச்சுப் பாருங்க."

அப்பா வலது காதில் பிடித்தார். இடது காதில் பிடித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். கத்தினார். மூலையில் மாமா ராட்டினத்தை நிறுத்திவிட்டார். கடைசியில் அப்பா கவையைத் தட்டி மெல்ல மேஜையில் ஊன்றினார். அக்கா அந்த நிமிஷமே திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அது எதற்கான சிரிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சர் போனபிறகு அப்பா சமையலறைப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அம்மா.

"எப்ப இருந்து?"

"தட்டு உடைஞ்ச அன்னைக்குல இருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

அதற்குப் பிறகு அப்பா அக்காவை மேஜைமேல் உட்கார வைக்கவில்லை. அடித்தாரா, திட்டினாரா என்றால் இல்லை. அந்த விஷயத்தில் அவர் தங்கம். சாப்பாடு, துணிமணி எதிலும் குறை வைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். உளி விழும், பசைச் சட்டி கொதிக்கும், குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிப் பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட வெட்கம் ஒரு பக்கம், ஏமாந்துபோன துக்கம் ஒரு பக்கம். அதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. நாலு வயதுக் குழந்தைக்கு என்ன புரியும்? தான் எதுவும் தப்புச் செய்யாமல், அப்பா தனக்காக வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுபடியும் அந்த மேஜைமேல் ஏற வேண்டும், அவர் கவையை ஊன்ற வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் நாள் முழுக்கச் சமையலறைப் பக்கம் நின்று பட்டறைக் கதவில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டிருப்பாள். கதவு மரக்கதவு. உள்ளே அவர் வாசித்தால் அதில் கொஞ்சம் வரும்போல.

அப்புறம் நான் பிறந்தேன். பிறந்த அன்றே அப்பா கவையைக் கொண்டுவந்து என் காதருகே காற்றில் பிடித்தாராம். நான் வீடே அதிர வீறிட்டு அழுதேனாம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். வாழ்க்கையில் நான் தேறிய ஒரே பரீட்சை அது. வளர்ந்தபிறகு எனக்குச் சுருதி சொல்லிக்கொடுக்கத் தலைகீழாக நின்று பார்த்தார். மேல் சுரம் எது, கீழ்ச் சுரம் எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடாது. காது இருந்தது, அதில் ஒன்றும் ஏறவில்லை. அப்பா பெருமூச்சு விட்டுக் கவையைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்காவும் நானும் பேசிக்கொள்ள எங்களுக்கென்று கைஜாடைகள் இருந்தன. சாப்பாட்டுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. அப்பாவுக்கு அவள் வைத்திருந்த ஜாடை, மூடிய கையால் முழங்காலில் ஒரு தட்டு. கவையை அவர் தட்டுகிறமாதிரி. கதவருகே நிற்கும்போது என்னையும் இழுத்து என் கன்னத்தையும் கதவில் அழுத்திவிட்டு, முழங்காலில் தட்டிக் காட்டிச் சிரிப்பாள். உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

காது கேட்காத பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பும் தையலும் சொல்லித்தருகிற ஒரு விடுதி தூரத்து ஊரில் இருப்பதாகப் பாட்டு டீச்சர்தான் தகவல் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அங்கே அனுப்பியே ஆக வேண்டும் என்று அப்பா பிடித்த பிடியாக நின்றார். அம்மா முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சால்வையைக்கூட எடுக்காமல் பட்டறை வாசலில் நின்றாள்.

"என்னங்க, அங்க தரையெல்லாம் கல்லு. சுவரும் கல்லு. படுக்கைகூட இரும்புக் கட்டில்."

"கல்லா இருந்தா என்ன, மரமா இருந்தா என்ன? படிக்கத்தானே போறா?"

வாழ்நாளெல்லாம் மரத்தைத் தட்டிப் பார்த்தே பிழைத்த மனுஷர் கேட்ட கேள்வி இது. மாமா அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டுப் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டாராம். அம்மா நாள்கணக்கில் அழுதாள், சண்டை போட்டாள், பேச்சையே நிறுத்தினாள். எதுவும் எடுபடவில்லை. அவள் நல்லதுக்குத்தான் என்றார் அப்பா. பாதி உண்மை அது. மீதிப் பாதி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னம் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒரு மனுஷரால் பியானோ செய்ய முடியவில்லை என்பது.

அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. வண்டி வந்த அன்று காலையில் பெட்டியைத் தூக்க மாமா பட்டறைக் கதவைத் திறந்தார். அக்கா அந்தச் சந்தில் நுழைந்து ஓடிப்போய் மேஜையின் காலைக் கட்டிக்கொண்டாள். யார் இழுத்தும் வரவில்லை. அப்பாவே குனிந்து அவள் விரல்களைப் பிரித்து, அவளைத் தூக்கினார். எத்தனையோ வருஷம் கழித்து அவர் அவளைத் தூக்கியது அன்றைக்குத்தான். மேஜைமேல் உட்காரவைக்கத்தான் தூக்குகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். கையைக் கொட்டி, தெருவுக்கே கேட்கிறமாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் அவளை மேஜையைத் தாண்டித் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார். வண்டி திரும்புகிறவரை அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு முழுசாகப் போகவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு நாலு வயது இருக்கும், என் வாழ்க்கையில் எனக்கு நினைவிருக்கிற முதல் விஷயம் அது. வேறு ஏதாவது நினைவிருந்திருக்கக் கூடாதா?

வருஷத்துக்கு ஒருமுறை அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாள். சுத்தமான இடம். நல்ல சாப்பாடு. டீச்சர்கள் தன்மையானவர்கள். தங்கள் தொண்டையில் பிள்ளைகளின் கையை வைத்து, பேச்சு எப்படி அதிர்கிறது என்று காட்டுவார்கள். அக்கா வளர்ந்திருந்தாள். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் அந்தக் கல்தரையில் ஓங்கி மிதித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். ஒன்றும் இல்லை. சுவரில் கன்னத்தை வைத்துக் காட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. பட்டறை வீட்டில் அவள் ஒருநாளும் செவிடாக இருக்கவில்லை. அங்கே போனபிறகுதான் ஆனாள்.

ஒரு வருஷம் அம்மா கால் பிசகிப் படுத்திருந்ததால் அப்பா போக வேண்டியதாகிவிட்டது. நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னார்.

"ஓடி வந்தா. என் பையில கைய விட்டுத் தேடினா. எல்லாப் பையிலயும் தேடினா."

கவை வேலை அங்கியில் இருந்தது, வீட்டில். அவள் தேடி முடித்துவிட்டு, வெளியே இழுத்துவிட்ட பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, கோட்டை நீவிச் சரிசெய்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு போய் வரிசையில் நின்றுகொண்டாளாம். திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அன்றைக்கே போய்க் கூட்டிவந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா சொன்னாள், மாமா சொன்னார். அந்த மனுஷருக்கு ஒரு வேலையைப் பாதியில் கலைத்துப் பழக்கமில்லை. படிப்பு நடுவில் நிற்கக் கூடாது, இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும், அடுத்த வருஷம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் கிளம்பியபோது வேலை அங்கியோடேயே கிளம்பினார். பையில் கவை இருந்தது.

அக்காவுக்கு அப்போது பதிமூன்று. அவளைப் பார்த்ததும், அங்கிருந்த ஒரே மர மேஜையில், சாப்பாட்டு மேஜையில், எல்லோருக்கும் முன்னால் கவையைத் தட்டி ஊன்றினாராம். அவள் கையை மேஜைமேல் எடுத்து வைத்தாராம். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கவையைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் அதன் கால்களைப் பிடித்து அதிர்வை நிறுத்தினாள். அதை அவர் பையில் திரும்பப் போட்டுவிட்டாள்.

அன்றே கூட்டிவந்துவிட்டார். வந்ததும் பட்டறைக் கதவை அகலத் திறந்து தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தார். அக்கா வழியில் எங்கும் நிற்காமல் பட்டறையைக் கடந்து, படி இறங்கி, சமையலறைக்குப் போனாள். எங்கள் அம்மாவின் பக்கத்தில் கல்தரையில் உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் வாழ்ந்ததெல்லாம் அங்கேதான். விடுதியில் கற்றுக்கொண்ட தையல், சமையல், சலவை எல்லாவற்றையும் பம்பரமாகச் செய்வாள். என்னோடு பழையபடி கைஜாடையில் பேசுவாள், சண்டை போடுவாள், சிரிப்பாள். அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். மரத்தரையில் கால் வைக்க வேண்டியிருந்தால், சுத்தியல்களுக்கு வெட்டி மிஞ்சிய கம்பளிப் பட்டையை நாலு மடிப்பு வைத்துத் தைத்த ஒரு செருப்பைப் போட்டுக்கொள்வாள். அதைத் தாண்டி எந்த நடுக்கமும் ஏறாது.

அப்பா தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். கதவு திறந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். கேட்க வேண்டியவளுக்குக் கல்லைத் தாண்டி எதுவும் போகவில்லை. பிறகு ஒரு வருஷம், ஒலிப்பலகைக்கென்று வைத்திருந்த நல்ல மரத்தையெல்லாம் எடுத்து, பட்டறைத் தரையோடு இணைத்து, சமையலறைக்கும் பலகைத் தரை போட்டார். சமையலறைக்கு மரத்தரை! அடுப்பு நெருப்பு தெறித்தால் என்ன ஆகும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. முழங்காலில் நின்று கடைசிப் பலகையை அடித்துவிட்டு, ஓடிப்போய் வாசித்தார். அக்கா கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து உலைநீரைப் பார்த்தாள். அன்றிலிருந்து அதைச் சமையலறையிலும் கழற்றவில்லை.

"விடுங்க அண்ணே," என்றார் மாமா.

"தப்புப் பண்ணிட்டேன்ப்பா," என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

எங்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒருநாள் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். நான் அடுத்த அறையில் இருந்தேன், வேண்டுமென்றேதான் காதைக் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது அவர் தாடையெல்லாம் ஈரமாக இருந்தது. அக்கா பொறுமையாக, அவர் முடிக்கும்வரை கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மிச்சத் துணியை மடித்தாள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. என் முன்னால் சொன்னவர்கள் இரண்டாம் தடவை சொன்னதில்லை. கேட்கிற பிள்ளையாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள், பழைய கணக்கைப் பேசித் தீர்த்திருப்பாள், ஒருவேளை மன்னித்தும் இருப்பாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டவருக்கு, அது இனி வேண்டாம் என்று காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதைக் கடைசிவரை காட்டினாள்.

வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளிப் போனேன். அப்பா தளர்ந்துபோனார், மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏற முடியாததால் மரக்கட்டிலைப் பட்டறையில், மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டோம். அக்காதான் எல்லாம் செய்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், படுக்கையைத் தட்டிப் போட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. கம்பளிச் செருப்பு மட்டும் காலிலேயே இருந்தது. அப்பா சில சமயம் கட்டில் ஓரத்தில் விரலால் தாளம் மாதிரி தட்டிக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பார்க்காதமாதிரி போர்வையைச் சரிசெய்வாள்.

ஒருநாள் காலை நான் வந்தபோது அவர் போயிருந்தார். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருந்தது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழக்கூட வரவில்லை. மாமா ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா முகம் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தைச் சிந்தாமல் கீழே வைத்தாள்.

சமையலறைப் படியில் நின்று ஒரு செருப்பைக் கழற்றினாள். அப்புறம் இன்னொன்றைக் கழற்றினாள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மரத்தரையில் நடந்துவந்தாள். ஆணியில் அவருடைய வேலை அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையில் கையை விட்டுக் கவையை எடுத்தாள். அவர் தட்டுகிறமாதிரியே முழங்காலில் தட்டினாள். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில், அவர் காதுக்குப் பக்கத்தில் ஊன்றினாள். கட்டில் பாடியது. என் காலடியில்கூடத் தரை லேசாக நடுங்கியது. அவள் குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் திரும்புவார் என்று பார்த்தாள்.

அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். அக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்து, மூடிய கையால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். சின்ன வயதில் கதவருகே காட்டியது போலவேதான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், இன்னும் பலமாகத் தட்டி, மறுபடியும் ஊன்றினாள்.